கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பில் மருந்தேற்றும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

கோழிகளைத் தாக்கும் நச்சுயிரி நோய்களுள் பேரிழப்பை உண்டாக்குவது வெள்ளைக்கழிச்சல் எனவும் இராணிக்கெட் எனவும் வழங்கும் கோழிக்கழிச்சல் நோயாகும். இதற்கான தடுப்பு மருந்துகள் முக்கால் நூற்றாண்டாகப் பயன்பாட்டில் இருந்தும் நோய் ஓயவில்லை. மருந்தின் வகையைப் பற்றி நிகழும் விவாதத்தின் அளவுக்கு, அது கோழியின் உடலுக்குள் செல்லும் வழியைப் பற்றிய விவாதம் நிகழ்வதில்லை. கண் சொட்டு, குடிநீர், தெளிப்பு, ஊசி, கருமுட்டைவழி, தீவனவழி ஆகிய முறைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு, பெரும்பண்ணைக்கும் புறக்கடை வளர்ப்புக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோழிக்கழிச்சல், இராணிக்கெட் நோய், தடுப்பூசி, மந்தை எதிர்ப்பாற்றல், புறக்கடைக் கோழி வளர்ப்பு

முன்னுரை

1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரை ஒட்டிய பண்ணைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சாவகத்தில் க்ரானெவெல்டும் இங்கிலாந்தில் டாயிலும் இந்நோயை விவரித்தனர். டாயில் இட்ட ஊர்ப்பெயரே உலக வழக்கில் நிலைத்தது. இந்தியாவில் 1920களின் இறுதியில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இந்நாட்டு நூல்களில் இராணிக்கெட் நோய் என்ற பெயர் வழங்கலாயிற்று. இப்பெயரை இராணிப்பேட்டையுடன் தொடர்புபடுத்திப் பேசுவோர் இன்றும் உளர். அவ்வூருக்கும் நோயின் பெயருக்கும் தொடர்பில்லை. ஆயினும் 1932இல் தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்கான தடுப்பூசியைத் தயாரித்து வருவதால், பெயரொற்றுமை பொருளொற்றுமையாகவும் ஆகிவிட்டது எனலாம்.

ஊர்ப்புறத்து மக்கள் நோயின் பெயரை அறிகுறியிலிருந்தே அமைத்துக்கொண்டனர். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், அலகைத் திறந்து மூச்சுவாங்குதல், கழுத்து திருகிப்போதல், இறக்கையும் காலும் செயலிழத்தல் ஆகியன இதன் அடையாளங்கள். வீரியம் மிக்க நச்சுயிரி எதிர்ப்பாற்றலற்ற மந்தைக்குள் நுழைந்தால் சில நாள்களில் மந்தை முழுவதும் அழிவதுண்டு. குறிப்பிட்ட சிகிச்சை ஏதுமில்லை. ஆகவே தடுப்பொன்றே வழி.

நச்சுயிரியும் தடுப்பு மருந்தும்

நோயை உண்டாக்குவது சுமார் 15,000 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றையிழை ஆர்.என்.ஏ. நச்சுயிரி. அதன் மேலுறையில் இரு புரதங்கள் முதன்மையானவை. ஒன்று கோழியின் உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவுவது. மற்றொன்று நச்சுயிரியின் உறையை உயிரணுச் சவ்வோடு இணைப்பது. இரண்டாவதான இணைப்புப் புரதம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டப்பட்டால்தான் செயற்படும். அவ்விடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் பல அமைந்திருப்பின் உடலெங்குமுள்ள நொதிகள் அதை வெட்டிவிடும். நச்சுயிரி மூளை வரை பரவும். அவை குறைவாயின் மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள சில நொதிகளால் மட்டுமே வெட்ட இயலும். நச்சுயிரி அவ்விடங்களிலேயே அடங்கிவிடும். வீரியம் குறைந்த நச்சுயிரிகள் உயிருள்ள தடுப்பு மருந்துகளாகப் பயன்படுவதற்கு இந்நுட்பமே அடிப்படை. கண்ணிலோ மூக்கிலோ இட்டால் அவை அங்கேயே பெருகி அங்கேயே எதிர்ப்பாற்றலைத் தூண்டும். மருந்தேற்றும் வழி என்பது வெறும் வசதி பற்றிய செய்தி அன்று என்பது இதனால் விளங்கும்.

லசோட்டா, எஃப், பி1 என்பன வீரியம் குறைந்தவை. முக்தேசுவர் நிலையத்தில் 1940களில் கருமுட்டைகளில் தொடர்ந்து வளர்த்து வீரியம் தணிக்கப்பட்ட வழியில் வந்த ஆர்2பி நடுத்தர வீரியம் உடையது. அதன் இணைப்புப் புரதத்தின் வெட்டிடம் வீரிய நச்சுயிரிகளின் வெட்டிடத்தை ஒத்தது. உலக விலங்குநல அமைப்பு நோயை வரையறுக்கும்போது ஒருநாள் குஞ்சின் மூளைக்குள் செலுத்திக் காணும் நோயாக்கக் குறியெண் 0.7 அல்லது அதற்கு மேற்பட்டதை வீரியமுள்ளதாகக் கொள்கிறது. நடுத்தர வீரியமுள்ள நச்சுயிரிகள் அவ்வரையறைக்குள் அடங்கிவிடுகின்றன. எட்டு வார வயதுக்குக் குறைந்த குஞ்சுகளுக்கும், வீரியம் குறைந்த மருந்தை முன்னரே பெறாத பறவைகளுக்கும் ஆர்2பி செலுத்துவதில் கால்முடக்கமும் இறப்பும் நேரக்கூடும். இவ்வயது வரம்பு ஊர்ப்புறத் தடுப்புப் பணியில் எழுப்பும் சிக்கல் பின்னர் ஆராயப்பெறும்.

கண் சொட்டு முறை

கரைத்த மருந்தில் ஏறத்தாழ 0.03 மி.லி. அளவான ஒரு துளியைக் கண்ணிலோ மூக்குத்துளையிலோ இடுவது இம்முறை. பழைமையானதும் எளியதுமான இதுவே இன்றும் மற்ற முறைகளை மதிப்பிடும் உரைகல்லாக உள்ளது. காரணம் கோழியின் உடலமைப்பில் இருக்கிறது. கண்குழியின் உட்புறத்தே அமைந்த ஹார்டர் சுரப்பி எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுக்கள் நிறைந்த உறுப்பு. கண்ணில் விழும் மருந்து அதை நேரே தூண்டிக் கண்ணீரிலும் மூச்சுப்பாதையின் மேற்பகுதியிலும் உள்ளூர் எதிர்ப்பொருளைப் பெருக்குகிறது. நோய் நச்சுயிரி நுழையும் வாயிலும் அதுவே. கண்ணில் இட்ட துளி கண்ணீர்க்குழாய் வழியே மூக்கிற்கும் வாய்க்கும் செல்வதால் அங்குள்ள திசுக்களும் பயன்பெறுகின்றன. மருந்தில் நிறமி கலந்திருந்தால் சிறிது நேரத்தில் நாக்கின் அடியில் நிறம் தெரியும். துளி உள்ளே சென்றதா எனச் சோதிக்க வேறு கருவி வேண்டா.

இதன் குறை உழைப்பு. ஒவ்வொரு பறவையையும் பிடித்தாக வேண்டும். பல்லாயிரம் கோழிகள் கொண்ட கொட்டகையில் இரவுமுழுதும் ஆள்கள் வேலை செய்தாலும் களைப்பால் கைதவறுவது இயல்பு. துளி கண்ணில் பரவி மறையும் முன் கோழியை விட்டுவிட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். கணக்கேட்டில் அப்பறவையும் மருந்து பெற்றதாகவே பதிவாகும்.

குடிநீர்வழி முறை

பெரும்பண்ணைகள் பெரிதும் நாடுவது இம்முறையையே. ஒருவர் அரைநாளில் ஒரு கொட்டகையை முடித்துவிடலாம். ஆனால் இதைப்போல் பிழைக்கு இடம் தரும் முறை வேறில்லை. குடிநீரில் கலந்துள்ள குளோரின் உயிருள்ள மருந்தை அழித்துவிடும். ஆகவே நீர்ச் சுத்திகரிப்பை இரண்டு மூன்று நாள்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம் கொழுப்பு நீக்கிய பால்தூள் சேர்ப்பது எஞ்சிய குளோரினை ஈர்த்துக்கொண்டு நச்சுயிரியைக் காக்கும். கோழிகளுக்குத் தாகம் உண்டாக ஓரிரு மணிநேரம் நீரை நிறுத்திவைத்தல் வழக்கம். கோடையில் அந்நேரத்தைக் குறைக்காவிடின், நீர் வந்தவுடன் வலியவை முண்டியடித்துக் குடிக்க எளியவை ஒதுங்கிவிடும். கலந்த நீர் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்குள் தீர வேண்டும். முன்னதாகவே தீர்ந்தால் பலவற்றிற்குக் கிட்டாது, நெடுநேரம் எஞ்சினால் நச்சுயிரி மடிந்த நீரைக் கோழிகள் குடிக்கும். நிப்பிள் குழாய்களில் உள்ளே தேங்கிய பழைய நீரை வெளியேற்றாமல் மருந்துநீரைச் செலுத்தினால், குழாயின் கடைக்கோடியிலுள்ள கூண்டுகளுக்கு மருந்து எட்டுவதில்லை.

மேலும், குடித்த மருந்தின் பெரும்பகுதி வயிற்றில் அழிகிறது. நீரருந்தும்போது வாய்க்குழியிலும் மூக்குப்பிளவிலும் படும் சிறுபகுதியே எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதில் பெரும்பங்கு கொள்கிறது. ஆகவே ஒரே மருந்தை ஒரே எண்ணிக்கையில் பயன்படுத்தினும் கண் சொட்டில் கிட்டும் சீரான எதிர்ப்பாற்றல் குடிநீரில் கிட்டுவது அரிது.

இங்கு ஒரு கணக்கைக் காண்பது பயன்தரும். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. 10,000 கோழிகளுள் போதிய மருந்துநீரைக் குடித்தவை 80 விழுக்காடு எனவும், அவற்றுள் உரிய எதிர்ப்பாற்றல் பெற்றவை 90 விழுக்காடு எனவும் கொண்டால் காப்புப் பெற்றவை 7,200. கண் சொட்டில் இவை முறையே 97, 95 எனின் காப்புப் பெற்றவை ஏறத்தாழ 9,200. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் போவன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மந்தையில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பறவைகள் 1:8 அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள் நீர்ப்பைப் பெற்றிருந்தால்தான் நோய்ப்பரவல் தடைப்படும் என்று காட்டியது. இவ்வெல்லைக்கு மேலும் கீழும் இரு முறைகளும் பிரிந்து நிற்பதை மேற்கணக்கு உணர்த்தும். 7,200 பறவைகளைக் காத்த பண்ணையாளர் எஞ்சிய 2,800 பறவைகளை மட்டுமே இழப்பார் என்பதில்லை. நச்சுயிரி அவற்றினூடே சுழன்று பெருகும். காப்புக் குறைந்த பிற கோழிகளின் முட்டையிடுதலும் பாதிக்கப்படும்.

உயிருள்ள மருந்து ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் என்பதால் விடுபட்டவையும் காப்புப் பெறும் என்பர். ஆழ்கூளக் கொட்டகையில் இது ஓரளவு உண்மை. ஆனால் அவ்வாறு பரவும்போது சளி, தும்மல் முதலிய மருந்தின் பின்விளைவுகள் மந்தையில் வாரக்கணக்கில் நீடிக்கும். கூண்டு வளர்ப்பில் அப்பரவலும் குறைவு.

தெளிப்பு முறை

தெளிப்பில் துளியின் அளவே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. 100 மைக்ரானுக்கு மேற்பட்ட பருந்துளிகள் கண்ணிலும் மூக்கிலும் படிந்து நிற்கும். நுண்துளிகள் நுரையீரல், காற்றுப்பை வரை ஊடுருவும். ஆழ்ந்து செல்வது வலிய எதிர்ப்பாற்றலைத் தரும். அதே வேளையில் மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்று மறைந்திருக்கும் மந்தையில் கடும் மூச்சுநோயையும் கிளப்பிவிடும். எனவே முதல் மருந்துக்குப் பருந்துளியே ஏற்றது. குஞ்சு பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியோடு தெளிப்பறைக்குள் வைத்து மருந்திடும் முறை பரவலாக உள்ளது. குறைந்த உழைப்பில் கண்வழி முறையின் பயனை நெருங்குவது இதுவே. திறந்த பக்கங்களைக் கொண்ட தென்னிந்தியக் கொட்டகைகளில் வளர்ந்த கோழிகளுக்குத் தெளிக்கும்போது நிலைமை வேறு. வெப்பமும் குறைந்த ஈரப்பதமும் பருந்துளியைக் காற்றிலேயே சுருக்கி நுண்துளியாக்கிவிடும். காற்றோட்டம் அதை அடித்துச் செல்லும்.

ஊசிவழி முறை

கொல்லப்பட்ட நச்சுயிரியை எண்ணெய்க் குழம்பில் கலந்து கழுத்துத் தோலடியிலோ தசையிலோ செலுத்தும் முறை, குருதியில் மிகுதியான, நெடுநாள் நிலைக்கும் எதிர்ப்பொருளைத் தருகிறது. முட்டைக்கோழிகளுக்கு முட்டைப் பருவம் தொடங்குமுன் 16 முதல் 18 வாரத்தில் இதைச் செலுத்துதல் நாமக்கல் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் நிலைபெற்ற வழக்கம். ஆனால் இது சளிச்சவ்வில் உள்ளூர் எதிர்ப்பாற்றலைத் தோற்றுவிப்பதில்லை. முன்னரே உயிருள்ள மருந்து பெற்ற கோழியில் மட்டுமே முழுப் பயனைத் தரும். மருந்திடுவோர் விரலில் தவறிக் குத்திக்கொண்டால் எண்ணெய்க் குழம்பு திசுவை அழுகச் செய்யும்; உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும். இவ்வபாயம் பண்ணைத் தொழிலாளர்க்கு எடுத்துச் சொல்லப்படுவது அரிதாகவே உள்ளது.

கருமுட்டைவழி முறை

வான்கோழி ஹெர்பிஸ் நச்சுயிரியினுள் கழிச்சல் நச்சுயிரியின் இணைப்புப் புரத மரபணுவைப் பொருத்திய மருந்து, அடைகாப்பின் 18ஆம் நாள் முட்டைக்குள்ளேயோ பொரித்த அன்று தோலடியிலோ செலுத்தப்படுகிறது. தாய்வழி எதிர்ப்பொருளால் பெரிதும் தடைப்படாமையும், மூச்சுப்பாதைப் பின்விளைவு இன்மையும், நெடுங்காலக் காப்பும் இதன் சிறப்புகள். காப்பு முழுமையடைய மூன்று நான்கு வாரங்கள் ஆகும் என்பதும், திரவ நைட்ரஜனில் சேமிக்க வேண்டும் என்பதும் இதன் எல்லைகள். பொரிப்பகத்தைச் சார்ந்த பெருந்தொழிலுக்கு இது பொருந்தும். அடைக்கோழி தானே பொரிக்கும் வீட்டுக் கொல்லைக்கு இதனால் பயனில்லை.

தாய்வழி எதிர்ப்பொருளும் காலக்கணிப்பும்

தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியே குஞ்சுக்கு வருகிறது. அது ஏறத்தாழ 4.5 நாளுக்கொருமுறை பாதியாகக் குறையும். பொரித்த அன்று 1:128 நீர்ப்பு உள்ள குஞ்சு, 1:8 என்ற நிலைக்கு இறங்க நான்கு அரைவாழ்வுகள், அதாவது 18 நாள்கள் ஆகும். அதற்குமுன் இடும் மருந்து பெரிதும் வீணாகலாம். அதற்குப் பின்னும் தாமதித்தால் குஞ்சு காப்பின்றி நிற்கும். ஒரே மந்தையில் குஞ்சுக்குக் குஞ்சு இவ்வளவு மாறுபடும் என்பதால் ஒரே நாள் அனைத்துக்கும் உரிய நாளாக அமைவதில்லை. கண்வழியும் தெளிப்புவழியும் உள்ளூர் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதால் இத்தடையை ஓரளவு கடக்கின்றன. 5 முதல் 7 நாளில் ஒருமுறையும் நான்காம் வாரத்தில் மறுமுறையும் இடும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே.

ஒப்பீட்டு அளவுகோலின் குறைபாடு

முறைகளை ஒப்பிடும் ஆய்வுகள் பலவும் குருதியணுத் திரட்சித் தடுப்புச் சோதனையின் நீர்ப்பளவையே சான்றாகக் கொள்கின்றன. அச்சோதனை மலிவானது, விரைவானது. ஆயினும் அது குருதியிலுள்ள எதிர்ப்பொருளை மட்டுமே அளக்கிறது. கண்ணீரிலும் மூச்சுக்குழலிலும் சுரப்பது அதில் தெரியாது. இவ்வளவுகோலால் அளந்தால் ஊசிமுறை எப்போதும் முதலிடம் பெறும். தெளிப்பும் கண் சொட்டும் தம் மெய்யான பயனினும் தாழ்ந்து தோன்றும். அளவுகோலே ஒரு முறையின் பக்கம் சாய்ந்திருக்கும்போது அதன் தீர்ப்பை அப்படியே ஏற்பது முறையன்று. சோதனைக் கோழிகளுக்கு வீரிய நச்சுயிரியைத் தசைவழியாகச் செலுத்தி அறைகூவல் சோதனை நடத்துவதும் இத்தகைய சாய்வு உடையதே, ஏனெனில் இயற்கையில் நோய் அவ்வழியில் வருவதில்லை. கண்வழி அறைகூவலும், உயிர்பிழைத்தவற்றுடன் வாய், கழிவாய் ஆகியவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுயிரியின் அளவும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். மருந்து பெற்ற கோழி நோயறிகுறியின்றி இருந்துகொண்டே வீரிய நச்சுயிரியை வெளியிடக்கூடும் என்பது உறுதிப்பட்ட செய்தி.

இன்று ஆசியாவில் பரவும் ஏழாம் மரபு வகை, பழைய மருந்துகள் சார்ந்த இரண்டாம் வகையிலிருந்து விலகியது. ஆகவே புது மருந்து வேண்டும் என்ற வாதம் வலுவாக ஒலிக்கிறது. வகை ஒத்த மருந்து நச்சுயிரி வெளிப்பாட்டைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. எனினும் எல்லா வகைகளும் ஒரே ஊனீர் இனத்தைச் சேர்ந்தவை. முறையாக இடப்பட்ட பழைய மருந்தும் இறப்பைத் தடுக்கிறது. களத்தில் மருந்து பொய்த்ததாகக் கூறப்படும் நிகழ்வுகள் பலவற்றில் மருந்தேற்றிய முறையை முதலில் விசாரித்தலே தக்கது.

புறக்கடை வளர்ப்பில் எழும் சிக்கல்

பத்து இருபது கோழி வளர்க்கும் வீட்டில் இழப்பைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவசரச் செலவுக்கு விற்கும் சேவலும் குழந்தைக்குக் கொடுக்கும் முட்டையும் அக்கூட்டத்திலிருந்தே வருகின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம், கோடைக்குமுன் இக்கோழிகளைக் காக்கும் நோக்கமுடையது. எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி போடப்படுகிறது. ஒருமுறை செலுத்தினால் நீண்டகாலக் காப்புத் தரும் ஆர்2பி இதற்கு ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆனால் மார்கழி, தை மாதங்களில் பொரித்த குஞ்சுகள் வயது வரம்பால் விடுபடுகின்றன. ஆனி வருமுன் வீட்டுக்கூட்டத்தின் கணிசமான பகுதி முகாமுக்குப் பின் பொரித்தவையாகவே இருக்கும். கோழிக்கூட்டம் ஓராண்டில் பலமுறை மாறுவது. ஆண்டுக்கொருமுறை என்னும் இடைவெளி அதன் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஒவ்வாதது.

இதே சிக்கலை மொசாம்பிக், தான்சானியா ஆகிய நாடுகள் வேறு வகையில் அணுகின. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்பிராட்பிரோ உருவாக்கிய ஐ-2 என்னும் வெப்பந்தாங்கும் மருந்து, உறைந்துலர்த்திய நிலையில் 28 பாகை செல்சியசில் எட்டு வாரம் வரை ஆற்றல் குன்றாது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே நான்கு திங்களுக்கொருமுறை எல்லா வயதுக் கோழிகளுக்கும் கண்ணில் ஒரு துளி இடுகின்றனர். குடிநீர்வழியும் தீவனவழியும் அங்கே சோதிக்கப்பட்டுக் கண் சொட்டே சிறந்ததெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மருந்து வீரியம் குறைந்ததாதலால் வயது வரம்பும் குறுக்கிடவில்லை.

தீவனவழி முறைக்கு 1980களில் மலேசியாவில் வி4 மருந்தைக் கொண்டு நடந்த சோதனைகள் நம்பிக்கையூட்டின. பிற நாடுகளில் முடிவுகள் சீராக அமையவில்லை. தானியத்தின் வகைக்கேற்ப மருந்தின் ஆற்றல் மாறியது. சில தானியங்கள் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்தன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்னும் வீரியம் குறைந்த நச்சுயிரியைக் கொண்டு வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கியது, மருந்தைத் தாங்கும் பொருளையும் ஆய்வகத்திலேயே தீர்மானிப்பதன் மூலம் இத்தடையைக் கடக்க முயல்வதாகும். மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை, வளர்ப்பவரே தூவிவிடலாம். சேவலும் பெட்டையும் முந்தித் தின்ன, குஞ்சுகளுக்குக் கிட்டுவது குறையும் என்பதால் குஞ்சுகளைத் தனியே கூடையில் கவிழ்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குப்பியின் அளவும் முறையைத் தீர்மானிக்கும். 100 கோழிகளுக்கான குப்பியைத் திறந்து கரைத்தபின் ஓரிரு மணிநேரத்தில் தீர்த்தாக வேண்டும். 12 கோழி வளர்க்கும் ஒருவர் தனியே வாங்கினால் 88 அளவு வீணாகும். எட்டு வீடுகள் சேர்ந்தால் 96 கோழிகளுக்கு ஒரே குப்பி போதும். அவ்வாறு சேர்வதற்கு ஏற்ற நேரம், கோழிகள் அடைந்திருக்கும் பின்னிரவும் திறந்துவிடப்படாத விடியலுமே.